மோஷன் கெப்சர்: 6 கமரா இருந்தும் ரொபோ சுவர்ப்பக்கம் துள்ளுது, காலையில காணவே இல்ல

வாவிக்கரை
மட்டக்களப்புல சின்ன ரொபோ லாப். மோஷன் கெப்சருக்கு 6 கமரா பூட்டியிருக்கு, ரொபோவுல ஒட்டின மார்க்கரை (அகச்சிவப்பைத் தெறிக்கிற சின்ன உருண்டை) பார்த்து ரொபோ நிக்கிற இடத்தைக் கணிக்கும். நடுவுல ஓடக்குள்ள சரி, சுவர்ப்பக்கம் போனா திரையில காட்டுற இடம் 3, 4 சென்ரிமீற்றர் துள்ளுது. காலையில ரொபோவையே காணல்ல. தினமும் காலையில கலிபரேஷன் (ஒவ்வொரு கமராவும் எங்க நிக்குது எண்டு மென்பொருளுக்குக் கணிச்சுக் குடுக்கிறது) செய்றம், நல்லது எண்டுதான் காட்டுது. வெள்ளிக்கிழமை டெமோ. தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.

ஒலுவில்காற்று
எந்தக் கமரா? அறை எவ்வளவு? எந்த உயரத்துல, எவ்வளவு சரிவுல பூட்டினது? யன்னல் எந்தப் பக்கம்? தரை டைல்ஸா, சீமெந்தா? ட்ரோனும் பறக்கவிடுறதா?

மணல்மேடு
சீலிங் ஃபேன் இருக்கா? இருந்தா அதுதான். கமரா பாகையில பத்துல ஒரு பங்கு அசைஞ்சாலே 5 மீற்றருக்கு அங்கால கிட்டத்தட்ட 9 மில்லிமீற்றர் பிழை. ஃபேனை நிப்பாட்டிப் பாருங்க.

பழைய_கை
ஃபேன் எண்டா நடுவுலயும் துள்ளணும். கேட்டவர் கையேட்டை ஒருக்கா வாசிச்சிருந்தா இந்த இழையே தேவையில்ல. கமரா கூடினா சரி வந்திடும் எண்டு நினைக்கிறாக்கள்தான் இப்படி வந்து நிக்கிறது. கமரா எதைப் பார்க்குது எண்டதுதான் கணக்கு.

வாவிக்கரை
ஒப்டிட்ராக் கம்பனிட ஃப்ளெக்ஸ் 13. அறை 6க்கு 5 மீற்றர். 6 மீற்றர்ச் சுவர் இரண்டுலயும் மும்மூண்டு, நேருக்கு நேர். உயரம் 2.5, சரிவு 20 பாகை அளவு. யன்னல் கடல் பக்கம். பளபள டைல்ஸ். ட்ரோன் இல்ல, சில்லு ரொபோ மட்டும்.

ஒலுவில்காற்று
இப்ப விளங்குது. அந்த லென்ஸ் மேல் கீழா 46 பாகை. 20 பாகை சரிச்சா கீழ்விளிம்பு 43 பாகையில இறங்கி, சுவரிலிருந்து 2.7 மீற்றருக்கு அங்காலதான் தரையைத் தொடும். அதுக்கு இங்கால அந்தக் கமராவுக்குத் தெரியாது. அறை அகலமே 5 எண்டதால ஒவ்வொரு சுவர்ப்பக்கத்தையும் எதிர்ச்சுவர்க் கமராக்கள் மட்டும்தான் பார்க்கும். அதுகள் பக்கத்துப் பக்கத்துல நிக்கிறதால இடையில் கோணம் சிறுசு. கோணம் 90 பாகைக்குக் கிட்ட இருந்தா நல்லம். 30க்கு இறங்கினா பிழை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 20ல மூண்டு மடங்கு.

மேல்விளிம்பு கிடைமட்டத்துக்கு 3 பாகை மேல போகுது. அதால எதிர்க் கமராட அகச்சிவப்பு விளக்கு வளையமும் படத்துல விழும்.

நாலை மூலைகளுக்குக் கொண்டுபோங்க. மற்ற இரண்டையும் நீளச் சுவர்கள்ல, நேருக்கு நேர் வராம, ஒண்டை இடப்பக்கம் தள்ளி மற்றதை வலப்பக்கம் தள்ளி வையுங்க. சரிவு 40. அப்ப 1.3 மீற்றர்லயே தரை தெரியத் தொடங்கும், மேல்விளிம்பு எதிர்மூலைத் தரையில போய் முடியும், எதிர்க் கமரா படத்துலயே வராது. ட்ரோனுக்கு இந்தச் சரிவு ஆகாது.

பழைய_கை
காலைப் பிரச்சினையை விட்டுட்டீங்க. கடல் பக்கம் எண்டா கிழக்கு. வெயில்ல அகச்சிவப்பு நிறைய, டைல்ஸ்ல பட்டுத் தெறிக்கும். அந்த நேரத்துல கலிபரேஷனுக்கு முதல் மாஸ்க் பட்டனை (படத்துல மினுங்கிற இடங்களைப் பார்க்காம மூடுறது) அழுத்தினா வெயில் விழுற இடமெல்லாம் மூடுப்படும். வெயில் நகரும், மாஸ்க் நகராது. பின்னேரம் வரைக்கும் அந்த ஓட்டைகளோடதான் ஓடுது.

மணல்மேடு
யன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டாப் போச்சே.

ஒலுவில்காற்று
கறுப்பா இருக்கிற சில பொலியெஸ்டர் துணி 850 நனோமீற்றர்ல, அதாவது கமரா விளக்கிட அகச்சிவப்புல, வெள்ளை மாதிரிப் பளிச்சிடும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடித் தாளும் அகச்சிவப்பை விடும். துணித்துண்டைக் கமராக்கு முன்னால பிடிச்சு, வீடியோ நிலையில (புள்ளி மட்டும் இல்லாம முழுப் படமும் காட்டுற நிலை) பாருங்க. பிளைவூட் நிச்சயம்.

கல்லடிப்பாலம்
சில்லு ரொபோக்கு இவ்வளவு என்னத்துக்கு? மேல ஒரு வெப்கமரா, ரொபோ முதுகுல ஏப்ரல்டேக் (அச்சடிச்சு ஒட்டுற கறுப்பு வெள்ளைச் சதுரக் குறி) போதும்.

பழைய_கை
3 மீற்றர் உயரத்துல 70 பாகை வெப்கமரா 4.2 மீற்றர் அகலம்தான் பார்க்கும். 6 மீற்றருக்கு இரண்டு வேணும். பிறகு இரண்டையும் பொருத்துறது யார்?

கல்லடிப்பாலம்
இரண்டு வெப்கமராவும் உங்கட ஒரு கமரா விலைக்கு எவ்வளவோ குறைவு. மெதுவா ஓடுற ரொபோக்கு செக்கனுக்கு 30 படம் காணும்.

பழைய_கை
பூட்டியிருக்கிற 6 கமராவை என்ன செய்றது, கழட்டிப் பெட்டியில போடுறதா? கேட்டது இதைச் சரியாக்க.

மணல்மேடு
இரண்டு பேரும் அதுக்கு வேற இழை திறங்க. வாவிக்கரை, மார்க்கர் எல்லாத்தையும் அறைக்கு வெளிய வைச்சுட்டு ஒவ்வொரு கமராட படத்தையும் பாருங்க. ஒரு வெள்ளைப் புள்ளியும் இருக்கக்கூடாது. டைல்ஸ்ல புள்ளி தெரிஞ்சா மினுக்கமில்லாத றப்பர் பாய் விரியுங்க. ஒண்டுக்கு மேல ரொபோ எண்டா, ஒவ்வொண்டுலயும் 4 மார்க்கரை வேற வேற ஒழுங்குல, சமச்சீர் இல்லாம ஒட்டுங்க. ஒரே மாதிரி ஒட்டினா மென்பொருள் ஆளை மாத்திக் காட்டும்.

வாவிக்கரை
யன்னலுக்குப் பிளைவூட் அடிச்சாச்சு. மாஸ்க் எல்லாம் அழிச்சுப் புதுசா கலிபரேஷன் செய்தம். காலையிலயும் ரொபோ தெரியுது. மூலைக்கு இரண்டு கமரா மாத்தியாச்சு, அந்தப் பக்கம் துள்ளல் இல்ல. மற்றதுக்கு பிராக்கெட் வாங்கணும். நன்றி.

ஒலுவில்காற்று
மற்றக் கமராக்களையும் மாத்தினாப் பிறகு திரும்ப முழுக் கலிபரேஷன் செய்யுங்க, தரைச் சட்டத்தையும் (தரை மட்டம், மையம் எது எண்டு காட்டுற சட்டம்) புதுசா வையுங்க. கமராக்கள் சூடாகி நிலைக்கு வந்த பிறகு தொடங்குங்க.