கம்பெனி கணக்கு வேலையிலிருந்து பள்ளி அலுவலகத்துக்கு மாற முடியவில்லை – எங்கே இடிக்கிறது?

கேள்வி – திருப்பூர்_நூல்

வணக்கம். பி.காம். படித்துவிட்டு பனியன் கம்பெனியில் கணக்கும் பில்லிங்கும் பார்க்கிறேன். டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் பழகிய வேலை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருக்கிறேன். பள்ளி அலுவலகத்தில் கிளார்க் அல்லது அட்மின் வேலைக்காக மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு ரெஸ்யூம் அனுப்பி வருகிறேன். நேர்காணல் வரை போனாலும் "ஸ்கூல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா? எமிஸ் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. எமிஸ் என்பது பள்ளிகள் மாணவர் விவரங்களை ஏற்றும் தமிழ்நாடு அரசின் இணையதளமாம்; பள்ளியில் சேராமல் அதை எங்கே போய்க் கற்பது? கம்பெனி அனுபவத்துக்கு இங்கே மதிப்பே இல்லையா? அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் வழி என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – பதிவேடு

சகோதரி, எமிஸ் லாகின் பள்ளிக்குத்தான் தருவார்கள். வெளியிலிருந்து பழக வழி இல்லை. எமிஸ் கோர்ஸ் என்று யாராவது பணம் கேட்டால் கட்டாதீர்கள். அந்தத் திரைகள் அடிக்கடி மாறும், உள்ளே போய் உட்கார்ந்தால் சில வாரத்தில் பிடிபட்டுவிடும். நேர்காணலில் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் கவலையே வேறு. கம்பெனியில் ஒரு பில் தப்பானால் கிரெடிட் நோட் போட்டு முடித்துவிடலாம். பள்ளிப் பதிவேட்டில் ஒரு எழுத்து தப்பானால் அது அந்தப் பிள்ளையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை போகும்.

ஒரு பெயரை வைத்தே சொல்கிறேன். பிறப்புச் சான்றில் "மீனா" என்று மட்டும் இருக்கும். ஆதாரில் "மீனா குமார்". பழைய பள்ளியின் டி.சி.யில் "கே. மீனா". அப்பா விண்ணப்பத்தில் எழுதித் தருவது "கு. மீனா". இதில் எமிஸில் ஒன்று, மத்திய அரசின் பள்ளித் தகவல் தளமான யுடைஸ் பிளஸில் இன்னொன்று என்று ஏற்றிவிட்டால், மாணவருக்கான 12 இலக்க அபார் அடையாள எண் உருவாக்கும்போது ஆதாரோடு பொருந்தாமல் நின்றுவிடும். பிறந்த தேதி, பாலினம் பொருந்தாவிட்டாலும் இதே கதைதான். இதைவிட முக்கியமான இடம் பத்தாம் வகுப்பு நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியல். அதில் இருப்பதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். அச்சான பிறகு திருத்த வேண்டுமென்றால் தலைமை ஆசிரியர் கடிதம், சேர்க்கைப் பதிவேட்டு நகல், பிறப்புச் சான்று எல்லாம் சேர்த்துத் தேர்வுத் துறைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் நல்ல அலுவலகங்களில் நாமினல் ரோல் போவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் தனித்தாளில் அச்சடித்து வீட்டுக்கு அனுப்பி, பெற்றோர் கையெழுத்தோடு திரும்ப வாங்கிக் கோப்பில் வைப்பார்கள். சி.பி.எஸ்.இ.யில் இந்தக் கட்டம் முன்னாலேயே வந்துவிடும். 9, 11 வகுப்புகளில் பதிவு செய்த பெயர்தான் பொதுத்தேர்வுப் பட்டியலுக்குப் போகும்.

அடுத்தது டி.சி. காகிதத்தில் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எமிஸிலும் அந்த மாணவரை காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறுபவர்களுக்கான பொதுப் பட்டியலுக்கு, விடுவிக்க வேண்டும். விடுவிக்காமல் விட்டால் புதிய பள்ளியால் தன் பட்டியலில் சேர்க்க முடியாது, பெற்றோர் இரண்டு பள்ளிக்கும் அலைவார்கள். கட்டணப் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைக்கச் சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 5-ஆம் பிரிவைப் படித்து வையுங்கள். டி.சி. வரத் தாமதமானதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. டி.சி. தரத் தாமதிக்கும் தலைமை ஆசிரியர்மேல் நடவடிக்கை எடுக்கவும் அதில் இடம் உண்டு. கவுன்ட்டரில் நின்று பெற்றோருக்குப் பதில் சொல்லப் போவது நீங்கள்தான், ஆகவே இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய மாணவர்கள் கேட்டு வரும் சான்றுகளும் உண்டு. அதில் கவனம் அதிகம் தேவைப்படுவது பி.எஸ்.டி.எம்., அதாவது தமிழ் வழியில் படித்ததற்கான சான்று. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணிகளில் 20 சதவீதம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமை. ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, எந்த வகுப்பில் சேர்ந்தார், எந்த வகுப்போடு போனார், பயிற்று மொழி என்ன என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். வந்தவர் சொல்வதை வைத்து எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் அவர் வேலையே போய்விடும்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. யுடைஸ் பிளஸ் தளத்தில் டி.சி.எஃப். என்ற தகவல் படிவம் பொதுவில் கிடைக்கிறது. அதை அச்செடுத்து வரிவரியாகப் படியுங்கள். ஒரு பள்ளி என்னென்ன கணக்குக் காட்ட வேண்டும், மாணவர் விவரத்தில் எத்தனை கட்டங்கள் என்பது புரிந்துவிடும். செப்டம்பர் 30 நிலவரப்படி நிரப்புவது அது. நேர்காணலில் "எமிஸ் லாகின் கையாண்டதில்லை, ஆனால் டி.சி.எஃப். முழுக்கப் படித்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி வரும்.

பதில் 2 – கட்டணக் கவுன்ட்டர்

மேலே சொன்னவர் பதிவேட்டுப் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் கணக்குப் பக்கம் மட்டும். உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு மேடம், ரெஸ்யூமில் வைத்திருக்கும் வரிசைதான் சரியில்லை. மேல்நிலை வரையிலான பள்ளிக் கல்விச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு. நீங்கள் ஜி.எஸ்.டி. ரிட்டர்னை முதல் வரியில் போட்டால், படிப்பவர் "நமக்கு ஆகாத ஆள்" என்று அடுத்த தாளுக்குப் போய்விடுவார். பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளப் பட்டியல், தினசரி ரொக்க முடிப்பு, வங்கி ஒத்திசைவு ஆகியவற்றை மேலே கொண்டு வாருங்கள். மாதம் 15-ஆம் தேதிக் கெடு இங்கேயும் அதேதான். ஆசிரியர்கள் ஜூனில் வந்து ஏப்ரலில் போவார்கள், யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு எண்) இணைப்பும் வெளியேறும் தேதி போடுவதும் மொத்தமாக அந்த மாதங்களில் குவியும். கம்பெனியில் ஆள் மாற்றத்தைச் சமாளித்தவருக்கு இது கஷ்டமே இல்லை.

புதிதாகப் பிடிபட வேண்டியது கட்டணம். தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு தீர்மானிக்கிறது. எந்தத் தலைப்பில் எவ்வளவு என்பது அந்த ஆணையோடு பொருந்த வேண்டும். பஸ் கட்டணம், புத்தகம், சீருடை ஆகியவற்றுக்குத் தனி ரசீது. எல்லாவற்றையும் ஒரே ரசீதில் "பீஸ்" என்று போட்டால் புகார் வரும் நாளில் பதில் சொல்ல முடியாது.

இப்போது தினமும் தப்பு நடக்கும் இடம் யு.பி.ஐ. பெற்றோர் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி ரசீது கேட்பார். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ரசீது போடவே கூடாது. வங்கிக் கணக்கில் பரிவர்த்தனை எண்ணைப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். கவுன்ட்டர் கியூ.ஆர். பணம் பல இடங்களில் மறுநாள் மொத்தத் தொகையாகத்தான் வரவாகும். அதைப் பிரித்து யாருடையது என்று பொருத்தாமல் ஒரு வாரம் விட்டால் பிறகு பிடிக்கவே முடியாது. அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டுவார்கள். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு, எந்தப் பருவத்துக்கு என்று அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

ஆர்.டி.இ., அதாவது கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களில் சேர்ந்த பிள்ளைகளுக்கு லெட்ஜரைத் தனியாக வையுங்கள். அரசு ஈடுசெய்யும் தொகை தாமதமாகத்தான் வரும். பாக்கிப் பட்டியலில் அவர்கள் பெயர் கலந்துவிட்டால் வகுப்பு ஆசிரியர் அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி பீஸ் கேட்கும் நிலை வரும். அது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம். ஒரு கிளார்க் நினைத்தால் தடுக்கலாம்.

பதில் 3 – பச்சை மை

அரசுப் பள்ளி என்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. இளநிலை உதவியாளர் பதவிக்குப் பத்தாம் வகுப்பு போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். இரண்டு மொழியிலும் ஹையர் வைத்திருப்பதால் தட்டச்சர் பதவிக்கும் சேர்த்துப் போடுங்கள், அங்கே உங்களுக்கு முன்னுரிமை உண்டு. சி.ஓ.ஏ. என்ற அலுவலகக் கணினிப் பயிற்சிச் சான்றிதழ் இல்லையென்றால் அதையும் முடித்துவிடுங்கள். வயது வரம்பு வகுப்புக்கும் படிப்புக்கும் ஏற்ப மாறும், அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். துறை எது என்பது கலந்தாய்வில் தரவரிசைப்படி முடிவாகும், பள்ளிக் கல்வித் துறைதான் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

உதவி பெறும் பள்ளியில் நியமனம் நிர்வாகத்தின் கையில், சம்பளம் அரசு மானியத்தில். சேரும் முன் இரண்டு காகிதங்களைக் கேட்டுப் பாருங்கள்: அது அனுமதிக்கப்பட்ட பணியிடம்தான் என்பதற்கான ஆணை, காலியிடத்தை நிரப்பக் கல்வித் துறை தந்த அனுமதி. இரண்டும் இல்லாமல் "சேருங்கள், அப்ரூவல் பிறகு வரும்" என்றால் சம்பளமே இல்லாமல் வருடக்கணக்கில் உட்கார நேரலாம். பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

திருப்பூர்_நூல்

மூவருக்கும் மிக்க நன்றி. டி.சி.எஃப். இன்றே எடுத்துவிடுகிறேன். அடுத்த வாரம் ஒரு பள்ளியில் எக்செல் டெஸ்டும் தமிழ் டைப்பிங்கும் இருக்கிறதாம். என்ன கேட்பார்கள்?

பதில் 4 – அட்மிஷன் மேசை

பெரும்பாலும் ஒரு மாணவர் பட்டியலைக் கொடுத்து வகுப்புவாரியாகப் பிரிக்கச் சொல்வார்கள், அல்லது இரண்டு பட்டியலை வி-லுக்கப் போட்டுப் பொருத்தச் சொல்வார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணாக வைத்துக்கொள்ளாது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே ஒட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது. ஒட்டும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். உதவித்தொகைப் பட்டியல் வங்கியிலிருந்து திரும்பி வரும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தேதியிலும் கவனம். 03/07 என்பது ஜூலை 3 ஆகவும் வரும், மார்ச் 7 ஆகவும் வரும். கணினியின் வட்டார அமைப்பு இந்தியா என்று இருக்கிறதா என முதலில் பாருங்கள்.

தமிழில் பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை அடிக்கச் சொல்வார்கள். டைப்ரைட்டர் விசைப்பலகை கைவசம் இருப்பதால் வேகம் பிரச்சினை இல்லை. யூனிகோடில் அடிக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. பள்ளிகளில் பழைய கோப்புகள் வானவில், பாமினி எழுத்துருக்களில் கிடக்கும். அதை நகலெடுத்து இணையதளத்தில் ஒட்டினால் வெறும் குறிகளாகத்தான் தெரியும். என்.எச்.எம். ரைட்டரில் அதே டைப்ரைட்டர் விசைப்பலகையை யூனிகோடில் வைத்துக்கொள்ளலாம். பழைய கோப்புகளை மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் இருக்கிறது. மாற்றிய பிறகு ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

மற்ற பள்ளிகளுக்கு மார்ச், ஏப்ரலில் விண்ணப்பியுங்கள். ஜூன் திறப்புக்குள் ஆள் வேண்டும் என்ற அவசரம் அப்போதுதான் இருக்கும். அட்மிஷன் நேரத்துக்கு மட்டும் தற்காலிக டேட்டா என்ட்ரி வேலை கிடைத்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள், எமிஸ் திரை முன்னால் உட்காரும் வாய்ப்பு அதில்தான் சீக்கிரம் கிடைக்கும்.