மேவரிக் 88: 240 டாலருக்கு லாபமா, தலைவலியா?

புறாக்காரன்:
டெக்ஸஸ் வந்து நான்கு வருஷம் ஆகிறது. செப்டம்பர் 1 அன்று புறா சீசன் திறந்ததும் அலுவலக நண்பர்களோடு இந்த முறை நானும் போகிறேன். மற்ற நாட்களில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடப் பயன்படும். நேற்று கடையில் மேவரிக் 88 என்ற பம்ப் ஷாட்கனை (முன்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா மாற்றும் துப்பாக்கி) எடுத்துப் பார்த்தேன். 12 கேஜ் (குழல் துளையின் அளவு), 28 அங்குலக் குழல், 240 டாலர். முன்பிடியை ஆட்டினால் தகர டப்பாவில் கொட்டைப்பாக்கைப் போட்டுக் குலுக்கிய சத்தம். பக்கத்திலேயே மாஸ்பெர்க் 500, 430 டாலர். இரண்டும் ஒரே குடும்பம் என்கிறார் கடைக்காரர். அப்படியானால் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ரவைமூட்டை:
கடைக்காரர் சொன்னது சரிதான். மேவரிக்கும் மாஸ்பெர்க் வீட்டுப் பிள்ளைதான், டெக்ஸஸ் ஈகிள் பாஸில் பொருத்துகிறார்கள். மேகசின் (தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய்) நீளம் ஒத்துப்போனால் 500-இன் குழலைக் கழற்றி 88-இல் மாட்டலாம்.

அந்தக் கடகடப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சுடும்போது அழுத்தத்தைத் தாங்குவது முன்பிடி அல்ல. குழலின் பின்பக்கத்தை மூடும் போல்டில் உள்ள எஃகுப் பூட்டு, குழலின் பின்நீட்சியில் இருக்கும் துளையில் போய் மாட்டிக்கொள்கிறது. எஃகும் எஃகும்தான் மோதுகின்றன. அலுமினிய ரிசீவர் (துப்பாக்கியின் நடு உடல்) வெறும் கூடு மாதிரி. இந்த ஏற்பாடு இரண்டிலும் ஒன்றுதான். சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) இருக்கும் இடம், முன்பிடியைத் தனியே மாற்ற முடியாதது, மேல்பூச்சு, இன்னும் சில்லறை விஷயங்கள்: 190 டாலர் இதற்குத்தான்.

பழைய_இரும்பு:
கடகடப்புக்கும் ஒரு வியாக்கியானமா! தம்பி, 350 டாலர் வைத்திருந்தால் பழைய ரெமிங்டன் 870 விங்மாஸ்டர் தேடு. ரிசீவரே எஃகுக் கட்டியைக் கடைந்தது. முன்பிடியை இழுத்தால் தேக்கு மேசையின் இழுப்பறை போல வரும். பத்து வருஷம் கழித்து விற்றாலும் போட்ட பணம் கையில் நிற்கும். மேவரிக்கை விற்கப் போனால் என்ன கொடுப்பார்கள்?

ரவைமூட்டை:
விங்மாஸ்டரை நான் குறை சொல்லவில்லை அண்ணே. ஆனால் "870 வாங்கு" என்ற பேச்சைக் கேட்டவர்கள் போய் வாங்குவது 870 எக்ஸ்பிரஸ். 1987-இல் விலை குறைக்க வந்த மாடல் அது. அதன் சொரசொரப்பான பூச்சு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்ற புகார் ஊரறிந்தது. கம்பெனியும் 2018, 2020 என்று இரண்டு முறை திவாலுக்குப் போனது. இன்னொன்று: 870-இல் எஜெக்டர் (சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தள்ளும் உறுப்பு) ரிவெட் அடித்தது, உடைந்தால் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம்தான் போக வேண்டும். மேவரிக்கில் ஒரே ஒரு திருகு. சமையலறை மேசையில் வைத்தே மாற்றிவிடலாம்.

பழைய_இரும்பு:
உடையாத சாமானுக்கு எதற்கு ஸ்பேர்? இருபது வருஷமாக என் எஜெக்டர் உடையவில்லை. மலிவு மோகத்தில் ஒரு இறக்குமதி பம்ப் வாங்கிச் சீரழிந்தவன் நான். பெயர் வேண்டாம். சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) உள்ளே அவ்வளவு சொரசொரப்பு. மூன்றாவது பெட்டியில் சூடேறியதும் வெற்றுத் தோட்டா ஒட்டிக்கொண்டது. பின்கட்டையைத் தரையில் குத்தித்தான் திறக்க முடிந்தது. அன்றிலிருந்து விலையைப் பார்ப்பதற்கு முன் சேம்பரைப் பார்க்கிறேன்.

தட்டு_நொறுக்கி:
இரண்டு பேரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு மாலையில் நான்கு பெட்டி, 100 தோட்டா சுட்டால் தோள் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியில் மிச்சம் பிடிக்கும் பணம் சில மாலைகளில் தோட்டாவாகப் புகைந்துவிடும். பின்கட்டை நீளம் கைக்கு ஒத்து வருகிறதா, கண்ணை மூடித் தோளில் வைத்துத் திறந்தால் குறிபார்க்கக் குழல் முனையில் இருக்கும் மணி நேராகத் தெரிகிறதா? முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம் கடைக்காரரைக் கேட்டு நான்கு போலித் தோட்டாக்களை ஏற்றி, ஒரு முறை மெதுவாக, ஒரு முறை வேகமாக இழுங்கள். சிக்கினால் முழுதாகப் பின்னால் இழுத்தோமா என்று யோசியுங்கள். பாதி இழுத்துவிட்டுத் துப்பாக்கியைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

புறாக்காரன்:
இன்று போய்ச் செய்து பார்த்தேன். மேவரிக்கில் நான்கும் சிக்காமல் வந்தன. ஆனால் சேஃப்டிதான் கைக்கு வரவே இல்லை. நான் இடதுகைக்காரன், அதனால் இருக்குமோ?

ரவைமூட்டை:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! மேவரிக்கின் சேஃப்டி ட்ரிகர் வளையத்தில் குறுக்கே போகும் பொத்தான். வலதுகைக்காரர் ஆள்காட்டி விரலால் வலமிருந்து இடமாகத் தள்ளினால் போதும். நீங்கள் பிடியைத் தளர்த்தி விரலை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். புறா அதுவரை காத்திருக்காது. 500-இல் அது ரிசீவரின் மேலே, கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. எந்தக் கையானாலும் ஒன்றுதான். உங்கள் விஷயத்தில் மட்டும் அந்த 190 டாலர் வீண் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

பழைய_இரும்பு:
870-க்கு இடதுகை சேஃப்டி தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 88, 500, 870 மூன்றிலும் வெற்றுத் தோட்டா வலப்பக்கம்தான் பறக்கும், தம்பியின் கண்ணெதிரே. இடதுகை என்றால் என் சிபாரிசையே மாற்றுகிறேன்: பழைய பிரவுனிங் பிபிஎஸ். ஜப்பானில் செய்தது, எஃகு ரிசீவர், சேஃப்டி மேலே, வெற்றுத் தோட்டா கீழே விழும்.

ரவைமூட்டை:
கனம் கிட்டத்தட்ட 8 பவுண்டு. செப்டம்பர் வெயிலில் அதைச் சுமக்கச் சொல்கிறீர்களா?

பழைய_இரும்பு:
புறா வேட்டையில் யாரப்பா நடக்கிறார்கள்? எல்லோரும் சூரியகாந்தி வயலோரத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கனம் கூடினால் தோளில் உதை குறையும், தட்டு நொறுக்கியும் சந்தோஷப்படுவார்.

புறாக்காரன்:
சனிக்கிழமை 500-ஐத் தோளில் வைத்துப் பார்க்கிறேன். போகும் வழியில் இரண்டு அடகுக் கடைகள் இருக்கின்றன. பிபிஎஸ் கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும், அண்ணே?

பழைய_இரும்பு:
முன்பிடியைக் கழற்றச் சொல்லி உள்ளே துரு இருக்கிறதா பார். மேகசின் குழாயை விரலால் தடவு, நசுங்கல் தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வந்துவிடு. உள்ளே அதிகத் தோட்டா ஏறாமல் தடுக்கும் அடைப்புக் கட்டை இருக்கிறதா என்றும் கேள். புறாவுக்கு மொத்தம் 3 தோட்டாவுக்கு மேல் ஏற்ற இடம் இருக்கக் கூடாது, கட்டை இல்லாமல் வேட்டைக்குப் போனால் வார்டனிடம் (வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) மாட்டிக்கொள்வாய்.