தனியாகச் செய்விக்கும் வேட்டை ரைஃபிளுக்கு எந்தத் தரத்து வால்நட்?

தக்கலைக்காரன்:

வணக்கம். தக்கலையில் பிறந்து வளர்ந்த நான் இப்போது நியூசிலாந்தின் தென்தீவில் வேலை பார்க்கிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. இங்கே, 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட செம்மான்கள் பெருகி மலைக்காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்து அழிப்பதால், துப்பாக்கி உரிமமும் அனுமதிச் சீட்டும் உள்ளவர்கள் அவற்றைச் சுடலாம். அதற்காக .308 வின்செஸ்டர் தோட்டாவுக்குரிய போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) ஒன்றைச் சொல்லிச் செய்விக்கிறேன். இரும்பு வேலை முடிந்துவிட்டது. குழாயைத் தாங்கி, கையில் பிடித்துத் தோளில் வைக்கும் கட்டைக்குரிய வால்நட் (அக்ரூட்) மரத்தை நானே தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும்.

விற்பவரின் பட்டியலில் ஸ்டாண்டர்ட், செமி ஃபேன்ஸி, ஃபேன்ஸி, எக்ஸ்ட்ரா ஃபேன்ஸி, எக்ஸிபிஷன் என்று தரங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. அடித்தரத்துக்கும் உச்சத்துக்கும் இடையில் விலை பல மடங்கு வேறுபடுகிறது. இங்கிலீஷ் வால்நட், அமெரிக்கக் கறுப்பு வால்நட் என்று இரண்டு வகையும் கிடைக்கின்றன. நான் போகும் மலைகளில் மழை அதிகம். தரம் உயர்ந்தால் உறுதியும் உயருமா, அல்லது கண்ணுக்கு அழகு மட்டும்தானா? தேக்கையும் ஈட்டியையும் அயினியையும் கையாண்டு பழகியவர்கள் நம் குமரி மாவட்டத்தில் பலர் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

மார்த்தாண்டம் மரக்கடை:

தம்பி, அந்தப் பெயர்கள் எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் அல்ல. ஒவ்வொரு வியாபாரியும் பலகையின் எத்தனை பங்கில், எத்தனை பக்கத்தில் ரேகை தெரிகிறது என்று தன் கண்ணால் பார்த்து வைக்கும் பெயர்கள் அவை; ஆகவே ஒருவரிடம் ஃபேன்ஸியாக இருப்பது இன்னொருவரிடம் எக்ஸ்ட்ரா ஃபேன்ஸியாக இருக்கும். அவை அழகுக்கு இடும் விலையே தவிர உறுதிக்கு அல்ல.

ஆனால் அந்த அழகு இரண்டு வழிகளில் வருகிறது என்பதைப் பட்டியல் சொல்லாது. ஒன்று, நிறத்தால் வருவது: தேன் நிறத்தின்மேல் கறுப்பும் பழுப்புமாக ஓடும் கோடுகள். இவை மரத்தில் சேர்ந்த சாயங்கள். நார் நேராகவே இருக்கும், உறுதி குறையாது. ஈட்டியில் நாம் பார்க்கும் கருங்கோடுகளைப் போன்றவைதான் இவை. மற்றொன்று, நார் வளைவதால் வருவது: கிளை பிரியும் கவட்டையில் கிடைக்கும் இறகு போன்ற வடிவமும், குறுக்கே அலையலையாக மின்னும் ரேகையும், மரத்தின் முண்டிலிருந்து எடுக்கும் சுருள்களும் இந்த வகை. நார் திசை மாறும் ஒவ்வோர் இடத்திலும் மரம் வலுவிழக்கும், ஈரம் ஏறி இறங்கும்போது ஒழுங்கின்றி அசையும். பட்டியலின் உச்சியில் இருக்கும் பலகைகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை ரேகையே நிறைந்திருக்கும்.

கவட்டையின் இறகு பின்கட்டையில், அதுவும் தோளை ஒட்டிய பின்பாதியில் இருந்தால் தீங்கில்லை. அது கை பிடிக்கும் கழுத்துக்குள் நுழைந்திருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆர்மரர், குளச்சல்:

மேலே அண்ணாச்சி சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். ராணுவத்தில் .303, எஸ்.எல்.ஆர். ஆகிய ரைஃபிள்களின் மரக்கட்டைகளைப் பழுதுபார்த்தவன் என்ற முறையில் சில சேர்க்கிறேன்.

ஒரே துண்டாகச் செய்யும் போல்ட் ரைஃபிள் கட்டையில் மிக மெலிந்த இடம், கை பிடிக்கும் கழுத்து. பின்னுதைப்பும் கீழே விழும் அடியும் அங்கேதான் போய்ச் சேரும். பக்கவாட்டில் பார்க்கும்போது நார் அந்தக் கழுத்தின் வளைவோடு சேர்ந்து ஓட வேண்டும். கழுத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வெளியேறும் நார் என்றாவது ஒருநாள் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். முன்கட்டையில் நார் குழாய்க்கு இணையாக நேராக ஓட வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அது வளைந்து குழாயை ஒரு பக்கம் தள்ளும், குண்டு விழும் இடமும் மாறும்.

நல்ல மரம் வாங்கியும் கட்டை பிளப்பதற்கு இன்னொரு காரணம் பொருத்தும் முறை. இரும்புப் பகுதியின் பின்முனையான வாலின் நுனி மரத்தை முட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் அது ஆப்பைப் போல் கழுத்தைப் பிளக்கும். வாலுக்குப் பின்னே மயிரிழை இடைவெளி விடச் சொல்லுங்கள். இரும்பின் அடியில் உதைப்பைத் தாங்கும் கட்டியின் பின்புறத்தை எபாக்ஸியால் பதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மழையில் திரிபவர் என்பதால், வெளியே மட்டும் எண்ணெய் ஏற்றினால் போதாது. குழாய்ப் பள்ளத்தின் உட்புறமும், தோளில் பதியும் ரப்பர் பட்டைக்கு அடியில் மறையும் வெட்டுமுனையும் நன்கு அடைக்கப்பட வேண்டும். வெட்டுமுனைதான் தண்ணீரை மிக வேகமாகக் குடிக்கும் இடம்.

நாகர்கோவில் டூ டெக்சாஸ்:

ஐயா இருவரும் சொன்னது சரி. ஆனாலும் உயர்தரமே வேண்டாம் என்று தம்பி முடிவு செய்துவிடக் கூடாது என்பது என் கருத்து. ஆயுள் முழுவதும் வைத்திருக்கும் பொருள் இது. கழுத்து நேராகவும் பின்கட்டை ரேகையோடும் இருக்கும் பலகை கிடைத்தால், அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணல்ல.

வகையைப் பொறுத்தவரை இங்கிலீஷ் வால்நட்டையே நான் எடுப்பேன். அது நம் காஷ்மீர் வால்நட்டின் அதே இனம். துளைகள் நுண்மையாகவும் மரம் இறுக்கமாகவும் இருப்பதால், கை வழுக்காமல் இருக்கப் பிடியில் வெட்டும் கட்டங்களை அங்குலத்துக்கு 24 கோடு வரை கூர் மழுங்காமல் வெட்டலாம். கறுப்பு வால்நட்டின் துளைகள் சற்றுப் பெரியவை. 18 முதல் 22 கோடுகளே அதற்கு ஏற்றவை. உறுதியில் அது குறைந்ததல்ல, விலையும் குறைவு. ஆனால் கடைக்கு வரும் கறுப்பு வால்நட்டில் பெரும்பகுதி, வெளிப்புற வெள்ளைப் பகுதியின் நிறத்தை நடுமரத்தின் (வைரத்தின்) நிறத்தோடு ஒன்றாக்குவதற்காக ஆவியில் வேகவைக்கப்பட்டிருக்கும். அதில் இயற்கை நிறம் மங்கிவிடும். கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

தக்கலைக்காரன்:

மூவருக்கும் நன்றி. என்னிடம் இரண்டு இங்கிலீஷ் வால்நட் பலகைகளின் படங்கள் உள்ளன. முதலாவது எக்ஸிபிஷன், முனை முதல் முனை வரை அலைரேகை, கழுத்திலும் உண்டு. இரண்டாவது செமி ஃபேன்ஸிக்கும் ஃபேன்ஸிக்கும் இடைப்பட்டது. கருங்கோடுகள் நிறைய, நார் நேர், பின்கட்டையின் கடைசியில் மட்டும் கொஞ்சம் இறகு. விலை முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு.

மார்த்தாண்டம் மரக்கடை:

இரண்டாவதை எடுங்கள், தம்பி. முன்பணம் கொடுக்கும் முன் இரு பக்கப் படங்களோடு மேல்விளிம்பின் படத்தையும் இரு முனைகளின் படத்தையும் கேளுங்கள். பக்கத்தில் நேராகத் தெரியும் நார் மேல்விளிம்பில் சாய்ந்து வெளியேறுவது உண்டு. முனையைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் எந்தப் பக்கமாகப் படுத்திருக்கின்றன என்பதும், உள்வெடிப்பு இருக்கிறதா என்பதும் தெரியும். வளையத்தின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, அதற்குக் குறுக்கே சுருங்குவதைவிட அதிகம். கறுப்பு வால்நட்டில் பச்சையிலிருந்து முற்றக் காயும்போது அது சுமார் 7.8க்கு 5.5 சதவீதம், இங்கிலீஷ் வால்நட்டும் ஏறத்தாழ அப்படியே. ஆகவே இரண்டு பலகைகள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால், வளையங்கள் பலகையின் அகன்ற பக்கத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்ததை எடுங்கள்.

பலகை வந்தவுடன் உளி வைக்க விடாதீர்கள். இரண்டரை அங்குலக் கனமுள்ள மரம் வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் நடுவில் ஈரம் தங்கியிருக்கும். முனைகளில் மெழுகு பூசியிருந்தால் அதை நீக்காமல், துப்பாக்கி செய்பவரின் பட்டறையிலேயே காற்றோட்டமாக வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதிவரச் சொல்லுங்கள். எடை தொடர்ந்து சில வாரங்கள் மாறாமல் நின்ற பிறகு வேலையைத் தொடங்கலாம்.