அறிவியல் புனைவுத் தொடர்களின் பின்னணி இசை: இன்னும் உங்களை விடாத ஓர் இடம் எது?

நெய்தல்வாசி:
பேட்டில்ஸ்டார் கேலக்டிகா (2004இல் தொடங்கிய புதிய விண்வெளித் தொடர்) பார்த்தவர்களுக்குக் கதை சொல்லத் தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதல் சீசனின் முடிவு இரண்டு பாகமாக வருமே, அதில் முதல் பாகத்தின் தொடக்கம். 'பாஸகாலியா' என்ற இசைத்துண்டு வருகிற இடம்.

அதுவரை அந்தத் தொடரில் நாம் கேட்டதெல்லாம் தைகோ என்ற ஜப்பானிய முரசும் டூடூக் என்ற ஆர்மீனிய ஊதுகுழலும்தான். விண்வெளி என்றாலே டிரம்பெட் முழங்க வேண்டும் என்ற பழைய வழக்கமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத்தான் தயாரிப்பாளர்கள் ஆரம்பித்தார்கள். இசையமைப்பாளர் பேர் (Bear) மெக்கிரியரியும் அந்த எல்லைக்குள் நின்றுதான் வாரா வாரம் இசையமைத்தார். முரசுக்குப் பழகிப்போன காதில் திடீரென்று தந்தி வாத்தியங்கள். அடியில் ஒரு வரி சுற்றிச் சுற்றி வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் புதிதாக ஒன்று ஏறிக்கொள்கிறது. கப்பல் தளபதி அடாமாவும் அவர் மகன் லீயும் குத்துச்சண்டைப் பயிற்சி செய்கிறார்கள். இன்னொரு பக்கம் விமானி ஷேரன் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வசனம் மிகக் குறைவு.

ஹாஸ்டல் அறையில் நாலைந்து பேர் சேர்ந்து லேப்டாப்பில் பார்த்தோம். எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே பார்க்கிற கூட்டம் அது. ஷேரன் துப்பாக்கியை வாயருகே கொண்டுபோனபோது வயலின் ஒரு படி மேலே ஏறியது. என் பக்கத்தில் இருந்தவன் என் முழங்கையைப் பிடித்துவிட்டான். பிடித்ததே அவனுக்குத் தெரியாது. இன்றைக்கும் அந்த இசையை எங்கே கேட்டாலும் என் முழங்கைதான் முதலில் அதைக் கேட்கிறது. உங்களுக்கு இப்படி ஓர் இடம் இருந்தால் எழுதுங்கள்.

பவழமல்லி:
எனக்கும் கேலக்டிகாதான், ஆனால் டைட்டில் இசை. ரிச்சர்ட் கிப்ஸ் அமைத்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு பெண் குரல் பாடுவது காயத்ரி மந்திரம். மெதுவாகப் பாடி முடித்ததும் முரசுகள் இறங்கும், அன்றைய பகுதியின் காட்சிகள் படபடவென்று வெட்டி வெட்டி ஓடும்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மாமனார் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஓம் பூர் புவஸ்ஸுவ" என்று கேட்டதும் பேப்பரைத் தாழ்த்தினார். எழுந்து வந்து டிவி முன்னால் நின்றார். முரசு அடிக்க, ஒரு கப்பல் வெடித்துச் சிதற, அசையாமல் அப்படியே நின்றார். கோபப்படப் போகிறாரோ என்று ரிமோட்டை எடுத்தேன். "நிறுத்தாதேம்மா, இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். கேட்டுவிட்டு, "இந்தப் பெண் அர்த்தம் தெரிந்துதான் பாடுகிறாளா?" என்றார். "தெரியலையே மாமா" என்றேன். "தெரியாமல் இப்படிப் பாட முடியாது" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பிவிட்டார். அதற்கப்புறம் அந்தத் தொடர் ஓடும்போதெல்லாம் டைட்டில் முடியும்வரை மட்டும் வந்து நிற்பார். கதை என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்குச் சொல்ல இன்னும் என்னிடம் பதில் இல்லை.

இரவுப்பணி:
@பவழமல்லி, மாமனார் கதை அருமை. ஆனால் டைட்டில் இசையைப் பின்னணி இசைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. டைட்டில் தனியாக நின்று தன்னைக் காட்டிக்கொள்ளும் இசை. பின்னணி இசைக்கு அந்த வசதி கிடையாது, காட்சியோடு ஒட்டி நடந்தே சாதிக்க வேண்டும்.

என்னுடையது டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொடர், 2015இல் வந்த 'ஹெவன் சென்ட்'. மரி கோல்டின் இசை. டாக்டராக நடிக்கும் பீட்டர் கபால்டி ஒரு சுவரைக் கையால் குத்துகிறார். வைரத்தைவிட 400 மடங்கு கடினமான சுவர், 20 அடி கனம். குத்துவார், சாவார், மறுபடி பிறந்து வந்து முதலிலிருந்து குத்துவார். 450 கோடி ஆண்டுகள் இதுவே. கிரிம் சகோதரர்களின் கதையில் வரும் இடையச் சிறுவன் நித்தியத்தின் ஒரு நொடி எவ்வளவு என்று சொல்வானே, வைர மலையில் நூறாண்டுக்கு ஒருமுறை அலகு தீட்ட வரும் குருவி, அதை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிக்கொண்டே குத்துகிறார். சுற்றுகள் குறுகக் குறுக இசைக்குழு பெருகிக்கொண்டே போகிறது. களைப்பைக் காட்டும் இசை அங்கே எங்கும் இல்லை. சாகிற மனிதனுக்குப் பின்னால் வெற்றிநடை போடுகிறது இசை. அதுதான் என்னை அடித்தது.

ஆஸ்பத்திரி லேபில் இரவு வேலை எனக்கு. இடைவேளையில் ஹெட்போனில் பார்த்தேன். சுவர் உடைந்து வெளிச்சம் வரும்போது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சென்ட்ரிஃபியூஜ் நின்று அதன் மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது, காதில் விழவே இல்லை.

தெற்குத்தெரு:
லாஸ்ட், முதல் சீசன் முடிவு, மிதவை கடலில் இறங்கும் காட்சி. மைக்கேல் ஜியாக்கினோ. தீவில் சிக்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளுகிறார்கள், பாய் விரிகிறது, நாய் நீந்திப் பின்னாலேயே போகிறது. தந்தி வாத்தியங்கள் ஒரே ஒரு முறைதான் முழு உயரத்துக்கு எழும்பும், அப்போது நாம் காலி.

தம்பி சவுதிக்குக் கிளம்பிப் போன வாரம் அதைப் பார்த்தேன். ஏர்போர்ட்டில் வராத அழுகை அங்கே வந்தது. வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அந்தத் தொடரின் தாள ஒலிகளுக்கு நிஜ விமானத்தின் உடைந்த பாகங்களைத் தட்டி வாசித்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். விமானம் விழுந்த கதைக்கு விமானத்தையே வாத்தியமாக்கிய ஆளை எப்படிப் பாராட்டுவது?

கிரகணம்:
லாஸ்ட் அறிவியல் புனைவா என்று கேட்க வந்தேன். மின்காந்தம், காலப்பயணம் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். சரி, விட்டுவிடுகிறேன்.

எனக்கு ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன், 1990 ஜூனில் வந்த 'பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' முதல் பாகம். கப்பலின் கேப்டன் பிக்கார்டை 'போர்க்' (Borg) என்ற பாதி இயந்திர உயிர்களின் கூட்டம் தன்னில் ஒருவனாக மாற்றிவிட்டது. திரையில் அந்த முகம். அவருக்கு அடுத்த அதிகாரி ரைக்கர் சுடச் சொல்லி உத்தரவு கொடுக்கிறார். கொடுத்த நொடியில் பித்தளை வாத்தியங்கள் மொத்தமாக எழுந்து ஒரே வீச்சில் முடித்துவிடும். திரை இருண்டு 'தொடரும்'. அப்போது நான் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பாகம் செப்டம்பரில்தான். அந்தக் கோடை முழுக்க பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட அந்தப் பித்தளை முழக்கம் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது.

இசை ரான் ஜோன்ஸ். இந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதை இங்கே எழுதாமல் போனால் என் மனம் ஆறாது. டென்னிஸ் மெக்கார்த்தியும் இவரும் மாறி மாறி இசையமைத்து வந்தார்கள். தயாரிப்பாளர் ரிக் பெர்மனுக்கு இசை காதில் தனியாக விழக் கூடாது, கம்மென்று பின்னால் கிடக்க வேண்டும். ஜோன்ஸுக்கு அது வரவில்லை, அவருடைய ராகம் எழுந்து நின்று பேசும். நான்காவது சீசனோடு அவரை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பகுதிகளைப் போட்டுக் கேளுங்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரே மெழுகலாக இருக்கும். ஜோன்ஸ் 42 பகுதிகளுக்கு எழுதியதை 2010இல் 14 குறுந்தகடுகளாக வெளியிட்டார்கள். தொலைக்காட்சிக்காக எழுதிய இசையை இருபது ஆண்டு கழித்து 14 தகடு வாங்கிக் கேட்க ஆள் இருக்கிறதென்றால், யார் சொன்னது சரி?

புல்லாங்குழல்:
@கிரகணம் சார், ஜோன்ஸ் விஷயத்தில் உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. "அதற்குப் பிறகு மெழுகல்" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1992இல் வந்த 'இன்னர் லைட்' அதற்குப் பிறகு வந்ததுதானே? அதன் இசை ஜே சாட்டவே, ஜோன்ஸ் போன பின் அந்த இடத்துக்கு வந்தவர். அந்தக் குழல் மெட்டை அவரே பின்னால் முழு இசைக்குழுவுக்காக விரித்தும் எழுதியிருக்கிறார்.

கதை தெரிந்ததுதான், அழிந்துபோன ஒரு கிரகத்தில் பிக்கார்ட் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து முடிப்பார், கப்பலில் அரை மணி நேரம்கூடக் கடந்திருக்காது. கடைசியில் ரைக்கர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுப்பார். உள்ளே அந்தக் குழல். பிக்கார்ட் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்வார், அப்புறம் வாசிப்பார். படப்பிடிப்பில் பயன்பட்ட அந்தக் குழல் 2006இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 48,000 டாலருக்குப் போனது. அதில் ஊதினால் சத்தம்கூட வராது.

அந்த மெட்டை நான் மூங்கில் குழலில் காதால் கேட்டே எடுத்தேன். கல்லூரி விழாவில் மைக் ரிப்பேர். "ஏதாவது வாசி, கூட்டம் கலைகிறது" என்று மேடையில் தள்ளிவிட்டார்கள். வாசித்தேன். பாதிப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். எனக்குத் தெரியாத முகம், வெளியிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். முடித்ததும் அங்கிருந்தே இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி நெஞ்சில் சேர்த்துப் பிடித்தார், பிக்கார்ட் பிடித்த மாதிரியே. தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். மேடையிலிருந்து இறங்கி ஓடிப் பார்த்தேன், ஆள் இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ கச்சேரி, எத்தனையோ கைதட்டல். அந்த ஒரு சைகைக்கு ஈடாக எதுவும் அமையவில்லை.

தேம்ஸ்கரை:
2013இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டாக்டர் ஹூ ப்ராம்ஸ் (Proms) கச்சேரி. பென் ஃபாஸ்டர் நடத்த, பிபிசியின் வேல்ஸ் இசைக்குழு. நிற்கிற டிக்கெட் 5 பவுண்டுதான், மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அப்போது மிருதங்கம் படித்துக்கொண்டிருந்தாள். 'ஐ ஆம் த டாக்டர்' தொடங்கியது, மாட் ஸ்மித் டாக்டராக நடித்த காலத்து மெட்டு. சுற்றி இருந்த பிள்ளைகள் எல்லோரும் நாலு நாலாகக் கைதட்டப் பார்த்துத் தடுமாறினார்கள். இவள் மட்டும் தடுமாறாமல் தொடையில் தட்டிக்கொண்டு போகிறாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, மிஸ்ர சாபு!" என்று கத்தினாள். ஏழு எண்ணிக்கை! நான் அதை டிவியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. டபுள் பாஸ்களின் அதிர்வு செருப்பு வழியாகக் காலுக்கு ஏறியது. மரி கோல்டை டிவி ஸ்பீக்கரில் கேட்பது அவருக்குச் செய்கிற அநியாயம்.

ஒலித்தடம்:
எனக்கும் கேலக்டிகா, மூன்றாம் சீசன் 'எக்ஸோடஸ்' இரண்டாம் பாகம். கப்பல் வளிமண்டலத்துக்குள்ளேயே குதித்து, நெருப்புப் பிடித்துக் கீழே விழுந்துகொண்டே வைப்பர் என்ற சிறு போர் விமானங்களை வெளியே அனுப்பும் இடம். முரசு. ரோமம் சிலிர்த்தது. அவ்வளவுதான்.

தேம்ஸ்கரை சொன்னதையொட்டி எல்லோருக்கும் சில யோசனைகள். முதலில் டிவியில் 'நைட் மோட்' மாதிரி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். அது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நசுக்கித் தட்டையாக்கிவிடும். பாஸகாலியா மாதிரி படிப்படியாக ஏறுகிற இசைக்கு அதுதான் பரம எதிரி. அடுத்து, 5.1 ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை நடு ஸ்பீக்கரின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும், இசை இடவலமாகப் பரவியிருக்கும். வசனம் மங்கிப்போய், நடிகர்கள் வாயசைக்க, அடியில் செல்லோ என்ன செய்கிறது என்று தெளிவாகக் கேட்கும். மூன்றாவது, இசைத்தட்டை முதலில் கேட்காதீர்கள். தட்டுக்காகச் சில இடங்களை நீட்டியிருப்பார்கள், சுருக்கியிருப்பார்கள். முதலில் காட்சி, பிறகு தட்டு, பிறகு மறுபடி காட்சி. மூன்றாவது சுற்றில் இசையமைப்பாளர் எந்த வசனத்துக்கு இடம் விட்டு ஒதுங்கினார் என்பது பிடிபடும். நான்காவது, மெக்கிரியரி தன் வலைப்பதிவில் கேலக்டிகா இசையை எப்படி எழுதினார் என்று விரிவாகச் சொல்லியிருக்கிறார், எந்தக் காட்சிக்கு எந்த வாத்தியம், ஏன் என்று. அதைப் படிக்காமல் மூன்றாம், நான்காம் சீசனுக்குள் போகாதீர்கள். வயலின் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பாஸகாலியாவின் அடிவரியை மட்டும் வாசிக்கச் சொல்லி, நீங்கள் மேல்வரியை முணுமுணுத்துப் பாருங்கள், எப்படிக் கட்டியிருக்கிறார் என்று கைக்கே புரியும்.

நெய்தல்வாசி:
@ஒலித்தடம், நன்றி. ஆனால் நான் சொன்ன காட்சியில் கழற்றி எடுக்கும் அளவுக்கு வசனமே இல்லையே அண்ணா! @இரவுப்பணி, டைட்டிலைச் சேர்க்க மாட்டேன் என்கிறீர்கள். பவழமல்லியின் மாமனார் எழுந்து வந்து நின்றாரே, அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? என் கணக்கில் சேரும்.

கிரகணம்:
@புல்லாங்குழல், 'இன்னர் லைட்' பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லைம்மா. ஆனால் அந்தக் குழல் கதைக்குள்ளேயே இருக்கிறது, பாத்திரமே கையில் எடுத்து வாசிக்கிறது. அதைத் தயாரிப்பாளர் எப்படி அமுக்க முடியும்? ஜோன்ஸ் செய்ததோ கதைக்கு வெளியே நின்றபடி கதையைத் தூக்கிப் பிடிக்கிற வேலை. அந்தக் கதவைத்தான் மூடினார்கள். நான் கேட்பது அந்த நியாயம்.

இன்னொன்று. உங்கள் கல்லூரி எந்த ஊர், எந்த வருடம்? என் பழைய கூட்டத்தில் அப்படி எழுந்து நிற்கக்கூடிய ஆள் ஒருவன் இருந்தான், ஏதாவது விழா என்றால் அழைக்காமலே போவான். விவரம் சொல்லுங்கள், விசாரித்துப் பார்க்கிறேன்.