செங்காந்தள் நிறையப் பூக்கிறது, காய் மட்டும் பிடிக்கவில்லை

கேள்வி (மாடித் தோட்டம், திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பெரிய தொட்டி ஒன்றில் செங்காந்தள் வளர்க்கிறேன். ஆடி மாதம் நட்ட கிழங்கு நன்றாக முளைத்து, கம்பி வலையைப் பற்றி ஆளுயரத்துக்கு ஏறி, புரட்டாசிக் கடைசியிலிருந்து ஓயாமல் பூக்கிறது. ஆனால் ஒரு பூகூடக் காயாக மாறவில்லை. சிவந்து, வாடி வீணாகிவிடுகிறது. உரம் போதவில்லையா, தண்ணீர் குறைவா என்பது விளங்கவில்லை. இன்னொரு ஐயமும் உண்டு: இதன் கிழங்கை எண்ணெயில் காய்ச்சித் தடவினால் மூட்டுவலி குறையும் என்று உறவினர் ஒருவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். செய்து பார்க்கலாமா?

பதில் (கண்வலிக்கிழங்கு விவசாயி, மூலனூர்)

வணக்கம். செங்காந்தளைத்தான் நாங்கள் கண்வலிக்கிழங்கு என்கிறோம். காய் பிடிக்காதது உரத்தால் வரும் குறை அன்று. பூவின் அமைப்பே அப்படிப்பட்டது. நாளைக் காலையில் ஒரு பூவைக் கையில் ஏந்திப் பாருங்கள். இதழ்கள் ஆறும் மேல்நோக்கி மடங்கியிருக்க, மகரந்தப் பை தாங்கிய ஆறு கேசரங்களும் வெளிப்புறமாக விரிந்து நிற்கும். நடுவிலுள்ள பச்சைச் சூலகத்தின் (காயாக மாறும் பகுதி) அடியிலிருந்து சூல்தண்டு சட்டென்று மடிந்து, பூவை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீண்டு, நுனியில் மூன்றாகப் பிரிந்திருக்கும். காய் பிடிக்க மகரந்தம் சேரவேண்டிய இடம் அந்த நுனிதான்; அதே பூவின் மகரந்தம் அங்கே தானாகப் போய் விழுவது அரிது. அதனால்தான் கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் இதைப் பயிரிடும் நாங்கள் பூக்காலம் முழுவதும் காலை வேளையில் வயலில் இறங்கிக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறோம். ஆள் கூலியில் பெரும் பங்கு இதற்கே போய்விடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. வெயில் ஏறுவதற்கு முன், மகரந்தப் பை வெடித்து மஞ்சள் தூள் தெரியும் பூவிலிருந்து மெல்லிய தூரிகையால் அதை எடுத்து, புதிதாக விரிந்த வேறொரு பூவின் முப்பிரிவு நுனியில் தடவுங்கள். வேறு செடியின் மகரந்தம் கிடைத்தால் காய் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆகவே அடுத்த ஆண்டு இரண்டு மூன்று கிழங்குகளாக நடுவது நல்லது. முழுவதும் சிவந்து முதிர்ந்த பூவை விட்டுவிடுங்கள்.

பதில் (சித்த மருத்துவர், மதுரை)

எண்ணெய் காய்ச்சும் எண்ணத்தை அருள்கூர்ந்து கைவிடுங்கள். இந்தச் செடியின் கிழங்கிலும் விதையிலும் கோல்கிசின் என்னும் நஞ்சு இருக்கிறது. அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துத்தான் கவுட் எனப்படும் மூட்டு நோய்க்கு மாத்திரை செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் மருந்தாகும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால், வீட்டில் கண்ணளவாகச் செய்யக்கூடிய வேலை இது அன்று. சித்த மருத்துவத்தில்கூட முறைப்படி சுத்தி (நஞ்சைக் குறைக்கும் தூய்மைப்படுத்தல்) செய்த பிறகே இதைக் கையாளுகிறோம். உண்ணும் கிழங்கு என்று எண்ணிச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் இறந்திருக்கிறார்கள். வேகவைப்பதால் நஞ்சு நீங்குவதில்லை. வாந்தியும் கடும் பேதியும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும் என்பதால், யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கிழங்கைத் தொடும்போது கையுறை அணியுங்கள். அம்மாவின் வலிக்கு மருத்துவர் ஒருவரை நேரில் பார்ப்பதே சரி.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எண்ணெய் பற்றிய பேச்சை இத்துடன் விட்டுவிடுகிறோம். அடி இலைகள் மஞ்சளாகி வருவதைக் கண்டு கவலையாக இருக்கிறது, தண்ணீரைக் கூட்டலாமா?

பதில் (கண்வலிக்கிழங்கு விவசாயி, மூலனூர்)

கூட்டவே கூட்டாதீர்கள். மண் நசநசவென்று ஈரமாக இருக்கும்போது இலை மஞ்சளாவது பெரும்பாலும் கிழங்கு அழுகத் தொடங்கியதன் அடையாளம். தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மண் காய்ந்த பிறகே நீர் விடுங்கள். மாறாக, தை, மாசியில் காய் முற்றும்போது கொடி முழுவதும் மஞ்சளாகிக் காய்ந்தால் அது இயல்பு. செடி இறக்கவில்லை, கிழங்கு உறக்கத்துக்குப் போகிறது. காயின் தோல் சுருங்கத் தொடங்கியதும் பறித்து நிழலில் உலர்த்தினால், அது வெடித்து உள்ளே ஆரஞ்சு நிற விதைகள் தெரியும். குழந்தைகளை ஈர்க்கும் நிறம் அது, எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொடி காய்ந்தபின் நீரை அடியோடு நிறுத்தி, தொட்டியை மழை படாத நிழலில் வைத்துவிடுங்கள். இடையில் கிழங்கை வெளியே எடுக்க நேர்ந்தால் அதன் கவை (கிளை) நுனிகளைத் தட்டாமல் எடுங்கள்; முளைக்கும் கண் அந்த நுனியில்தான் இருக்கிறது, அது ஒடிந்தால் அந்தக் கவை முளைக்காது. ஆனி, ஆடியில் முளை தலைகாட்டிய பிறகு முதல் தண்ணீர் கொடுத்தால் போதும்.