மறு: தோல்வலையொட்டு, தோல்துணுக்கொட்டு

> மெஷ் கிராஃப்டுக்குத் 'தோல் பதியம்' பொருந்துமா?

வணக்கம். மெஷ் கிராஃப்ட் என்பது உடலின் வேறிடத்தில் சீவிய தோலைக் கீறி, வலைபோல் விரித்துப் புண்ணில் ஒட்டுவது. அதற்குத் தமிழ்ச்சொல்லாகப் 'பதியம்' வேண்டாம். பதியத்தில் கிளை தாய்ச்செடியோடேயே இருந்து வேர்விடும், பிறகுதான் அறுப்போம். அந்தச் சொல்லைப் பெடிக்கிள் ஃப்ளாப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கேதான் தோலை ரத்தக்குழாயோடு இடம் மாற்றித் தைத்து, சுமார் 3 வாரம் கழித்துக் காம்பை வெட்டுகிறார்கள். மெஷ் கிராஃப்டில் டெர்மடோம் என்ற தோல் சீவும் கருவியால் 0.2 – 0.3 மி.மீ. கனத்தில் சீவிய தோலுக்கு ரத்த ஓட்டமே இல்லை. முதல் ஒன்றிரண்டு நாள் புண்தளத்தில் கசியும் நீரை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. நுண்குழாய்கள் அதன்பின் இணைகின்றன. ஆகவே 'ஒட்டு'. ஒட்டிய தோல் புண்தளத்தோடு சேர்ந்து உயிர்பிடிப்பதைக் குறிக்கும் 'டேக்' என்பதற்கு வார்டிலேயே "தோல் பிடிச்சிருச்சா?" என்றுதான் கேட்கிறார்கள், 'பிடிப்பு' போதும்.

'சல்லடைத்தோல்' என்பதும் சரிவராது. வலையாக்கும் கருவி தோலில் போடுவது துளையல்ல, கீறல். இழுத்தால்தான் அது சாய்சதுரக் கண்ணாகத் திறக்கும். எனவே 'வலையொட்டு'. அந்தக் கண்கள் வழியே ரத்தமும் நீரும் வடிந்துவிடும். வடியாமல் அடியில் தேங்கினால் தோல் தளத்தைத் தொடாது, பிடிக்காது. கட்டு நகர்ந்து உராய்ந்தாலும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றினாலும் ஒட்டு போய்விடும். வலைத்தடம் தழும்பாக நிலைத்துவிடுவதால் முகத்துக்குக் கீறி விரிக்காத முழுத்தோல் தாளே நல்லது.

தோலைச் சிறு துணுக்குகளாக வெட்டி ஒட்டும் மீக் முறையையும் 'வலை'க்குள் அடக்குவது பெரும் பிழை. 42 மி.மீ. சதுரத் தக்கையில் தோலைப் பரப்பி, ஒரு திசையில் வெட்டி, 90 பாகை திருப்பி மறுபடி வெட்டினால் 3 மி.மீ. துணுக்குகள் 196. மேல்தோல் பக்கம் பசை தெளித்து, மடிப்பு வைத்த துணியில் ஒட்டி, தக்கையை உரித்துவிட்டு, துணியை நாற்புறமும் இழுக்கிறார்கள். ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாகப் பிடிக்கும். உடலில் பாதிக்குமேல் வெந்து, எடுக்கத் தோல் அதிகம் இல்லாதவருக்கு இது ஒரு முக்கிய வழி. என் பரிந்துரை: 'துணுக்கொட்டு'.

———

> துணுக்கொட்டு

ஏற்கிறேன். 'தீவொட்டு' என்று எழுத நினைத்திருந்தேன். ரத்தக்குழாயை மட்டும் காம்பாகக் கொண்டு தோலை இடம் மாற்றும் ஐலண்ட் ஃப்ளாப்போடு குழம்பும், விட்டுவிடுவோம்.

தோல் எத்தனை மடங்கு விரிகிறது என்பதைச் சொல்லும் 'எக்ஸ்பேன்ஷன் ரேஷியோ'வுக்கு 'விரிவு விகிதம்' என்று மட்டும் எழுதினால் நீளமா பரப்பா என்று தெரியாது. மீக்கில் 1:9 என்றால் பக்கம் 42-இலிருந்து 126 மி.மீ. ஆகிறது, மூன்று மடங்குதான். பரப்புதான் ஒன்பது மடங்கு. 'பரப்பு விரிவு விகிதம்' என்றே பதிவோம். வலையொட்டில், தோலைப் பரப்பிக் கருவிக்குள் செலுத்தும் தட்டில் 1:3 என்று அச்சிட்டிருந்தாலும், தோல் மேசையில் அந்த அளவுக்கு விரியாது. எடுக்க வேண்டிய தோலைக் கணக்கிடும்போது கூடுதலாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற குறிப்பும் அந்தப் பதிவிலேயே இருக்கட்டும்.