உறுதி அவவின்ர பேரில, சம்மதம் அவரிட்ட: பார்த்ததைப் பகிருங்கோ

புதுக்கடைக்காரன்:
தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின்ர சொத்து வழக்கச் சட்டம்) தெரிஞ்ச ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை: மனைவி தன்ர காணி, வீட்டை விக்கப் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். போன மாதம் ஒரு நொத்தாரிசின்ர மேசையில நடந்தது. வெள்ளவத்தை ஃப்ளாட் ஒண்டின்ர விற்பனை. உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், மனிசியின்ர பேரில, கட்டினதும் அவவின்ர சம்பளக் காசு. கையெழுத்து வைக்கக் குனிஞ்சவ. நொத்தாரிசு தாளை மெல்ல இழுத்தார்: "அவரின்ர சம்மதக் கடிதம்?" பேனை நீலக் கோடொண்டு இழுத்திட்டு நிண்டது. இலங்கையில பெண்களுக்கு வாக்குரிமை கிடைச்சு 90 வருசம் தாண்டிட்டுது!

கொட்டாஞ்சேனையாள்:
வாக்குரிமையை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. 1927 டிசம்பரில கொழும்பில தொடங்கின பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அரசியலமைப்பை மாத்த வந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழுவிட்டக் கேட்டது வாக்கை, காணியை இல்லை. ஆணைக்குழு பெண்ணுக்கு வாக்கு 30 வயதில எண்டது, 1931இல அது 21 ஆச்சுது. சொத்து வேற பாதை. 1923 ஆதனச் சட்டம் பொதுச் சட்டத்துக்குள்ள வந்த மனைவிமாரைப் புருசன்ர சம்மதம் கேக்கிறதில இருந்து விடுவிச்சது, தேசவழமைக்காரரைத் தொடேல்ல. எங்களுக்கு அந்தச் சம்மதத்தைக் கேக்கிற 1911 யாழ்ப்பாணத் திருமண உரிமை, முதுசச் சட்டம்தான்.

பம்பலப்பிட்டி வாசகி:
அப்பிடிப் பிரிக்கேலாது. தமிழ் அரசியல் தலைவர் சேர் பொன். இராமநாதன் 1913இல பெட்டையளுக்குக் கல்லூரி கட்டினவர், பெண் வாக்கை எதிர்த்தவரும் அவர்தான். படிச்ச மனைவி வேணும், முடிவெடுக்கிற மனைவி வேண்டாம். வாக்கும் காணியும் அந்த ஒரே பயத்திலதான் முட்டினது.

உறுதி வாசிப்பவர்:
வாதம் கிடக்கட்டும். சம்மதம் எழுத்தில வேணும், வாய்ச்சொல் நிக்காது. கணவர் வெளிநாட்டில எண்டால் எங்கட தூதரகத்தில கையெழுத்தை உறுதிப்படுத்தி எடுங்கோ. அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொராளுக்குக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) எண்டால் இஞ்ச பதியவேணும், அதில மனைவியின்ர ஆதனத்தை விக்கச் சம்மதிக்கிற அதிகாரம் வெளிப்படையா இருக்கவேணும். கனபேர் கோட்டை விடுறது இதிலதான். கணவர் விட்டிட்டுப் போனாலோ, நியாயமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில மனுப் போடலாம். மரணசாசனத்துக்கும், நகை மாதிரி அசையும் சொத்துக்கும் சம்மதம் தேவையில்லை. மட்டக்களப்புப் பெண் யாழ்ப்பாணத்தாரைக் கட்டினால் சட்டம் அவவையும் பிடிக்கும். யாழ்ப்பாணப் பெண் தேசவழமை இல்லாதவரைக் கட்டினால் அந்தக் கல்யாணம் உள்ளவரை பிடிக்காது. கொழும்பில ஊண்டின குடும்பம், எங்களுக்குத் தேசவழமை இல்லை எண்டு வாதாடலாம்தான், ஆனா வாங்கிறவரின்ர நொத்தாரிசு அதை நம்பி உறுதி முடிப்பாரோ? முற்பணம் கைமாறமுதல் கடிதத்தை எடுங்கோ.

புதுக்கடைக்காரன்:
நான் வழி கேக்கேல்ல, அண்ணை. கோடு விழுந்த தாளைத் திரும்ப அடிக்க வேண்டி வந்தது. அந்தக் காசையும் அவதான் குடுத்தவ.